கேமராவுக்கும் தேவை புதுப்பிப்பு

வீட்டுக் கண்காணிப்புக் கேமராவும் ஒரு சிறிய கணினிதான். அதன் மென்பொருளில் ஓட்டை இருந்தால், திருடன் இணையம் வழியே நுழைவான்.

2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ எனும் தீநிரல், தயாரிப்பாளர் வைத்த மறைச்சொல் மாற்றப்படாத கேமராக்களைத் தேடிப் பிடித்தது. ‘அட்மின்’ போன்ற எளிய சொற்களை முயன்று பார்த்தே உள்ளே புகுந்தது. அக்டோபர் 21ஆம் தேதி, அப்படிச் சிக்கிய கருவிகள் ஒரே நேரத்தில் அனுப்பிய கோரிக்கைகளால் அமெரிக்காவின் ‘டைன்’ நிறுவனக் கணினிகள் திணறின. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் தளங்கள் பலருக்கும் கிடைக்கவில்லை.

கேமராவை அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும். ஆனால் பழைய மறைச்சொல்லே இருந்தால் மீண்டும் தொற்றிக்கொள்ளும்.

சிங்கப்பூரில் 2020 முதல் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டம் நடப்பில் உள்ளது. முத்திரை பெறும் கருவிகளில் பொதுவான மறைச்சொல் இருக்கக்கூடாது. மென்பொருள் புதுப்பிப்பும் கிடைக்கவேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கேமராவின் செயலியை இன்றே திறந்து பாருங்கள். புதுப்பிப்பு ஏதும் காத்திருக்கிறதா?