விரல் நுனியில் வாக்கு. விலாசம் யார் கையில்?

புது தில்லி: ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு அறிவிக்கப்பட்டு இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. வங்கி வாசல்களில் வரிசை குறையவில்லை. நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் அமளியில் முடங்கிக் கிடந்தது. அந்நிலையில் நவம்பர் 22-ம் தேதி, தமது பெயரிலான செல்பேசிச் செயலியில் பத்துக் கேள்விகளை வெளியிட்ட பிரதமர் நரேந்திர மோடி, மக்கள் தம்மிடம் நேரடியாகக் கருத்துக் கூற வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். மறுநாளே முடிவும் வெளியானது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர், 93 சதவீதத்தினர் இந்நடவடிக்கையை ஆதரித்தனர் என்று அறிவிக்கப்பட்டது.

எதிர்க்கட்சிகள் இதனை ஏற்கவில்லை. உண்மையான கணிப்பு வேண்டுமெனில் மக்களவையைக் கலைத்துவிட்டுத் தேர்தலைச் சந்திக்கலாமே என்று பகுஜன் சமாஜ் தலைவர் மாயாவதி சவால் விடுத்தார். நான்கு மாதங்களுக்குள் நடந்த உத்தரப் பிரதேச சட்டப்பேரவைத் தேர்தலில் பாரதிய ஜனதா 312 இடங்களைக் கைப்பற்றியது. செயலிக் கணிப்பு சரியென்பதற்கு இதுவே சான்று என வாதிடுவோர் உண்டு. ஆனால், விடை ஒத்துப்போயிற்று என்பதாலேயே அளவுகோல் சரியானதாகிவிடாது. அந்தச் செயலி அளந்தது எதனை என்பதே கேள்வி.

இல்லாத விடை: பத்துக் கேள்விகளுள் ஒன்று, இந்நடவடிக்கையால் வீடு, உயர் கல்வி, மருத்துவம் ஆகியவை சாமானியர்களுக்கு எட்டும் நிலைக்கு வருமா என்பது. இதற்குத் தரப்பட்ட விடைகள் மூன்று: முழுமையாக ஏற்கிறேன், ஓரளவு ஏற்கிறேன், சொல்வதற்கில்லை. 'ஏற்கவில்லை' என்ற விடைக்கு இடமே இல்லை. ஊழலை எதிர்ப்போர் சிலர் இப்போது கறுப்புப் பணத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் ஆதரவாகப் போராடுவதாகக் கருதுகிறீர்களா என்று வினவியது இன்னொரு கேள்வி. விடையை உள்ளே பொதித்து வைத்துக் கேட்கப்படும் இத்தகைய கேள்விகளைக் கணிப்பு நிபுணர்கள் ஏற்பதில்லை.

கேள்வியைவிடப் பெரிய சிக்கல், பதிலளித்தோர் யார் என்பது. ஒரு தலைவரின் செயலியைத் தமது செல்பேசியில் தாமே முன்வந்து ஏற்றிக்கொண்டவர் பெரும்பாலும் அவர்பால் ஈர்ப்புடையவராகவே இருப்பார். திறன்பேசியே இல்லாத விவசாயத் தொழிலாளியின் குரல் அதில் ஒலிக்க வழியில்லை. நோட்டுத் தட்டுப்பாட்டால் கூலி கிடைக்காமல் தவித்தவர்களுள் பெரும் பகுதியினர் இத்தகையோரே.

எண்ணிக்கை ஏமாற்றும்: பதிலளித்தோர் எண்ணிக்கை பெரிதாக இருப்பது மட்டும் போதாது என்பதை அமெரிக்கா 1936-லேயே கண்டது. அந்நாட்டின் 'லிட்டரரி டைஜஸ்ட்' வார இதழ், தொலைபேசி வைத்திருந்தோர், கார் வைத்திருந்தோர் முதலான பட்டியல்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லாண்டனே வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ஆனால், 48 மாநிலங்களுள் 46-ஐக் கைப்பற்றி ரூஸ்வெல்ட் மீண்டும் அதிபரானார். அவருடைய வெற்றியை முன்கூட்டியே சரியாகக் கணித்தவர் ஜார்ஜ் காலப். அவர் திரட்டிய மாதிரி, இதழ் திரட்டியதில் மிகச் சிறு பகுதியே.

தில்லியில் இயங்கும் வளரும் சமுதாயங்கள் ஆய்வு மையத்தின் 'லோக்நீதி' பிரிவு, தேர்தல் ஆய்வுகளுக்கு வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயர்களைத் தேர்ந்தெடுத்து, களப்பணியாளர்களை வீடு வீடாக அனுப்புகிறது. நாடு முழுவதற்குமான ஆய்வில் சந்திக்கப்படுவோர் சில பத்தாயிரம் பேரே. ஆயினும், பதிலளிப்பவரை ஆய்வாளர் தேர்ந்தெடுக்கிறார்; பதிலளிப்பவர் ஆய்வைத் தேர்ந்தெடுப்பதில்லை. இந்த ஒரு வேறுபாடுதான் கணிப்பையும் கூட்டம் சேர்த்தலையும் பிரிக்கிறது. முறையான கணிப்புகளும் பொய்த்ததுண்டு. ஆனால், எங்கே பிழை நேர்ந்தது என்று ஆராய அவற்றில் வழியுண்டு.

எல்லாக் கட்சிகளும்: இவ்வழியை நாடியது ஒரு கட்சி மட்டுமல்ல. தில்லியில் 2013 டிசம்பரில் காங்கிரஸ் ஆதரவுடன் ஆட்சி அமைக்கலாமா என்று ஆம் ஆத்மி கட்சி குறுஞ்செய்தி, தொலைபேசி, இணையதளம் வாயிலாகக் கருத்துக் கேட்டது. வந்து குவிந்த பதில்கள் ஏறத்தாழ 6.97 லட்சம். ஆனால், அவற்றுள் தில்லியிலிருந்து வந்தவை சுமார் 2.66 லட்சம் மட்டுமே என்று கட்சியே பிரித்துக் காட்டியது. அவர்களுள் 74 சதவீதத்தினர் ஆட்சி அமைக்கச் சொன்னதாக அறிவிக்கப்பட்டது. மொத்த எண்ணிக்கையில் பாதிக்கும் மேற்பட்டது, அந்த ஆட்சியின்கீழ் வாழப் போகாதவர்களின் கருத்து என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இதே கட்சி 2022 ஜனவரியில் பஞ்சாப் முதல்வர் வேட்பாளர் யார் என்பதைத் தொலைபேசி வாக்கெடுப்புக்கு விட்டது. சில நாள்களில் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்ததாகவும், பகவந்த் மானுக்கு 93 சதவீத ஆதரவு கிடைத்ததாகவும் அறிவித்தது. 2018 டிசம்பரில் மூன்று மாநிலங்களில் வென்ற காங்கிரஸும், முதல்வர் யார் என்று தனது 'சக்தி' செயலி வழியே தொண்டர்களிடம் கருத்துக் கேட்டது.

வாக்கெடுப்பே விளம்பரம்: இவ்வாக்கெடுப்புகளின் முதற்பயன் முடிவு அன்று, பரபரப்பு. "நான் வாக்களித்துவிட்டேன், நீயும் அளி" என்று ஒருவர் பத்துப் பேரை அழைக்கிறார்; விளம்பரச் செலவின்றி விளம்பரம் பரவுகிறது. வணிக உலகம் இதை முன்பே அறியும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தனியார் அமைப்பு ஒன்று புதிய ஏழு உலக அதிசயங்களைத் தேர்ந்தெடுக்க இணையம், தொலைபேசி வழியே நடத்திய வாக்கெடுப்பில், தாஜ்மஹாலுக்காக இந்தியாவெங்கும் குறுஞ்செய்திகள் பறந்தன. 2007 ஜூலை 7-ல் லிஸ்பனில் முடிவு வெளியானபோது தாஜ்மஹாலும் வென்றது. பணம் செலுத்திக் கூடுதல் வாக்குகளைப் பெறவும் அதில் வழியிருந்தது. இத்திட்டத்துடன் தனக்குத் தொடர்பில்லை என்றும், முடிவு இணைய வசதி உள்ளோரின் கருத்தை மட்டுமே காட்டும் என்றும் யுனெஸ்கோ விளக்கமளித்தது. தாஜ்மஹாலோ 1983-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

335 பேரும் 5.62 லட்சம் பேரும்: பரபரப்பு அடங்கிய பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கிறது, அது பங்கேற்றவரின் விவரம். குணநலனை அறியலாம் என்று கூறி ஃபேஸ்புக்கில் உலவிய ஒரு கேள்வி-பதில் செயலி வாயிலாகத் திரட்டிய தகவல்கள், பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் கைக்குச் சென்றது 2018-ல் அம்பலமானது. இந்தியாவில் அச்செயலியை ஏற்றிக்கொண்டவர்கள் 335 பேர் மட்டுமே. ஆனால், அவர்களுடைய நட்பு வட்டத்தையும் சேர்த்து 5.62 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்திருக்கலாம் என்று ஃபேஸ்புக் தெரிவித்தது. இது தொடர்பாக 2021 ஜனவரியில் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது.

அதே 2018 மார்ச்சில், பிரதமரின் செயலியிலிருந்து பயனாளர் விவரங்கள் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குச் செல்வதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பயன்பாட்டை ஆய்வு செய்வதற்காகவே அவ்விவரங்கள் தரப்படுவதாக பாஜக விளக்கியது. ஓரிரு நாள்களில் காங்கிரஸ் செயலி மீதும் இதையொத்த புகார் வரவே, அச்செயலி கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து அகற்றப்பட்டது.

சட்டத்தின் எல்லை: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஏ பிரிவு, வாக்குப்பதிவுக் காலத்தில் வாக்குக்குப் பிந்தைய கணிப்புகளை வெளியிடத் தடை விதிக்கிறது. முடிவு எப்போது வெளியிடப்படலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் அப்பிரிவு, மாதிரி எப்படித் திரட்டப்பட்டது என்று கேட்பதில்லை. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கை செய்யப்பட்டன. தரவுகளைத் திரட்டுவோருக்கான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

சட்டம் வந்து சேரும்வரை வாசகர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த முறை 93 சதவீதம் என்று ஓர் அறிவிப்பு வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: பதிலளித்தவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்? 'இல்லை' என்று சொல்ல இடம் இருந்ததா? பதிலுடன் சேர்த்து நாம் கொடுத்தது என்ன? வாக்குச்சாவடியில் வாக்கு யாருக்கு என்பது ரகசியம். இணைய வாக்கெடுப்பிலோ அதுவும் நமது பெயரும் எண்ணும் சேர்ந்தே போகின்றன.