புது விமானத்துக்கு தடை போட்டா குமரிக்காரர் பாக்கெட் ஏன் காலியாகுது?

நாகர்கோவில்:

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. கல்ப் போகிறவர்கள் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். ஆனாலும் எங்கோ அமெரிக்காவில் செய்த விமானத்தில் கோளாறு என்று பறக்கத் தடை போட்டால், அந்த அடி குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் வரைக்கும் வந்து விழுகிறது. 2019-ம் ஆண்டு கோடையில் நடந்தது இதுதான்.

அந்த விமானத்தின் பெயர் போயிங் 737 மேக்ஸ். 2017-ம் ஆண்டுதான் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க ஆரம்பித்த புத்தம் புது ரகம். எரிபொருள் செலவு குறைவு என்பதால் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்திருந்தார்கள்.

2018 அக்டோபர் 29-ந்தேதி இந்தோனேசியாவில் லயன் ஏர் நிறுவனத்தின் மேக்ஸ் விமானம் கடலில் விழுந்து 189 பேர் பலியானார்கள். அதை ஓட்டிய கேப்டன் டெல்லியைச் சேர்ந்த இந்தியர். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2019 மார்ச் 10-ந்தேதி எத்தியோப்பியாவில் அதே ரக விமானம் கிளம்பிய ஆறே நிமிடத்தில் தரையில் மோதியது. 157 பேர் பலி. இதில் 4 பேர் இந்தியர்கள். இரண்டும் சேர்த்து 346 உயிர்.

என்ன கோளாறு?

பழைய 737 விமானத்துக்கு பெரிய என்ஜின் மாட்டினார்கள். என்ஜின் பெரிசு, இறக்கைக்கு கீழே இடம் பத்தவில்லை. அதனால் கொஞ்சம் முன்னால் தள்ளி, மேலே தூக்கி மாட்டினார்கள். இதனால் சில நேரம் விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் தூக்கிக் கொள்ளும். அதை தானாக கீழே அமுக்க ஒரு சாப்ட்வேர் போட்டார்கள். எம்.சி.ஏ.எஸ். என்று அதுக்கு பெயர்.

கொடுமை என்னன்னா, அந்த சாப்ட்வேர் ஒரே ஒரு சென்சார் சொல்வதை நம்பித்தான் வேலை செய்தது. சென்சார் தப்பாக சொன்னால், நேராக போகும் விமானத்தையும் திரும்பத் திரும்ப கீழே அமுக்கும். பைலட் இழுக்க, மெஷின் அமுக்க, இந்த மல்லுக்கட்டில்தான் இரண்டு விமானமும் விழுந்தன. இப்படி ஒரு சாப்ட்வேர் இருப்பதே முதல் விபத்து நடக்கும் வரை பெரும்பாலான பைலட்டுகளுக்கு தெரியாது. அவங்க கையேட்டிலேயே அதைச் சொல்லவில்லை.

2019 மார்ச் 12-ந்தேதி இரவு இந்திய விமான போக்குவரத்து இயக்குனரகம் (டி.ஜி.சி.ஏ.) மேக்ஸ் விமானம் பறக்க தடை விதித்தது. மறுநாள் அமெரிக்காவும் தடை போட்டது. நம்ம நாட்டில் இந்த தடை நீங்கியது 2021 ஆகஸ்ட் 26-ந்தேதி. கிட்டத்தட்ட இரண்டரை வருஷம்.

டிக்கெட் எப்படி ஏறுது?

இந்தியாவில் அப்போது மேக்ஸ் ஓட்டியது ஸ்பைஸ்ஜெட், ஜெட் ஏர்வேஸ் ஆகிய இரண்டு நிறுவனங்கள். ஸ்பைஸ்ஜெட்டிடம் 12 விமானம். ஒன்றில் 189 இருக்கை. ஒரு விமானம் நாளைக்கு 5 தடவை பறக்கிறது என்று வைத்துக்கொண்டால், 12 விமானமும் நின்றால் தினமும் சுமார் 11 ஆயிரம் இருக்கைகள் காணாமல் போகும். ஆனால் பயணிகள் குறையவில்லையே. ரத்தான விமானத்தில் போக வேண்டியவர்களை மற்ற விமானங்களில் ஏற்றுவார்கள். ஒரு விமானத்தில் எல்லா இருக்கையும் ஒரே விலை கிடையாது. மலிவு டிக்கெட் முதலில் தீரும், கடைசியில் மிஞ்சுவது விலை கூடின டிக்கெட்தான். அவசரமாக போகிறவர் தலையில் அதுதான் விழும்.

இது நம்ம கடற்கரை ஆட்களுக்கு புரியாத கணக்கு இல்லை. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுக்கு தடைக்காலம். படகு கரையில் நிற்கும்போது சந்தையில் மீன் என்ன விலை விற்கும்? ஐஸ் கம்பெனி, சுமை தூக்குகிறவர், வலை பின்னுகிறவர் எல்லாருக்கும் வேலை படுத்துவிடும். விமானத்திலும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், மீன்பிடி தடை என்று முடியும் என காலண்டரில் இருக்கும். விமானத் தடைக்கு தேதியே கிடையாது.

2019-ல் இன்னொரு கஷ்டமும் சேர்ந்து கொண்டது. கடனில் தத்தளித்த ஜெட் ஏர்வேஸ், வாடகை கட்ட முடியாமல் தன்னிடம் இருந்த 5 மேக்ஸ் விமானத்தையும் தடைக்கு முன்பே நிறுத்தி வைத்திருந்தது. ஒரு காலத்தில் 120-க்கும் மேல் விமானம் ஓட்டிய அந்த நிறுவனம் ஏப்ரல் 17-ந்தேதி அடியோடு நின்றது. அதே ஏப்ரல் 16 முதல் மே 30 வரை துபாய் விமான நிலையத்தில் ஒரு ரன்வேயை பராமரிப்புக்காக மூடினார்கள். மூன்றும் ஒரே நேரத்தில். அதுவும் பள்ளிக்கூட லீவு சீசன். கல்ப் டிக்கெட் விலை எகிறியது.

சும்மா ஊர் சுற்றப் போகிறவர் பயணத்தை தள்ளிப் போடலாம். லீவில் வந்தவர் என்ன செய்வார்? சவுதியில் வேலை பார்ப்பவர் ரீ-என்ட்ரி தேதிக்குள் திரும்பியாக வேண்டும். தேதி தப்பினால் வேலை தொங்கலில். டிக்கெட் என்ன விலை என்றாலும் வட்டிக்கு வாங்கியாவது போய்த்தான் தீர வேண்டும்.

நின்றாலும் செலவுதான்

பறக்காத விமானத்துக்கு செலவு இல்லை என்று நினைத்தால் தப்பு. நிறைய விமானங்கள் நிறுவனத்துக்கு சொந்தமே இல்லை, வாடகைக்கு எடுத்தவை. பறந்தாலும் நின்றாலும் மாச வாடகை ஓடும். நிறுத்தி வைக்கிற இடத்துக்கும் கட்டணம் உண்டு. பூச்சி, பறவை கூடு கட்டாமல் ஓட்டைகளை மூட வேண்டும். டயர் ஒரே பக்கம் அமுங்காமல் உருட்டி வைக்கணும். அப்பப்போ என்ஜினை ஓட்டிப் பார்க்கணும். போயிங் கம்பெனியே டெலிவரி கொடுக்க முடியாத புது விமானங்களை ஊழியர்கள் கார் நிறுத்தும் இடத்தில் கொண்டு போய் நிறுத்தியது. 2020 ஜனவரியில் மேக்ஸ் தயாரிப்பையே நிறுத்தினார்கள். விமான உடல் பகுதியை செய்து கொடுத்த விச்சிட்டா நகர கம்பெனி 2,800 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் யாரும் அந்த சாப்ட்வேரை எழுதினவர்கள் இல்லை.

விமான நிறுவனங்களுக்கு போயிங் பின்னர் நஷ்டஈடு கொடுத்தது. டிக்கெட்டுக்கு கூடுதலாக கொடுத்த நம்ம ஆளுக்கு ஒரு காசும் வரவில்லை.

அதுக்காக தடையே போடாமல் இருந்திருக்கலாமா என்றால், கூடாது. முதல் விபத்துக்கு பிறகே நிறுத்தியிருந்தால் எத்தியோப்பியாவில் 157 பேர் செத்திருக்க மாட்டார்கள். அப்போது நிறுத்தாமல் விட்டதுக்கு செலவு கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1990-ல் பெங்களூரு

இந்தியாவுக்கு இது புதுசும் இல்லை. 1990 பிப்ரவரி 14-ந்தேதி மும்பையில் இருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ-320 விமானம் பெங்களூருவில் ரன்வேக்கு முன்பே இறங்கி நொறுங்கியது. 146 பேரில் 92 பேர் பலி. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத விமானம். கம்ப்யூட்டரே விமானத்தை ஓட்டுதாம் என்று அப்போது ஊரெல்லாம் பயம். மத்திய அரசு எல்லா ஏ-320 விமானத்தையும் நிறுத்தியது. கோடி கோடியாக கொட்டி வாங்கிய விமானங்கள் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தன. கடைசியில் விசாரணையில், இறங்கும்போது வேகம் குறைந்ததை விமானிகள் கவனிக்க தவறிவிட்டார்கள் என்றுதான் வந்தது. இன்றைக்கு இந்தியாவில் அதிகம் பறப்பது அதே ஏ-320 குடும்பத்து விமானங்கள்தான்.

என்ஜின் கோளாறு கதை வேற மாதிரி. 2018 மார்ச்சில் பிராட் அண்ட் விட்னி என்ஜின் மாட்டிய 11 புது ஏ-320 நியோ விமானங்களை டி.ஜி.சி.ஏ. நிறுத்தியது. இண்டிகோவுக்கு 8, கோ ஏர் நிறுவனத்துக்கு 3. இண்டிகோ பெரிய கை, சமாளித்தது. கோ பர்ஸ்ட் என்று பெயர் மாற்றிய கோ ஏர், என்ஜின் கிடைக்காமல் பாதி விமானம் நிற்குது என்று சொல்லி 2023 மே 3-ந்தேதி கடையை மூடியது. கண்ணூரில் இருந்து அதில் கல்ப் போய் வந்தவர்கள் திண்டாடினார்கள். 2025 ஜனவரியில் அதன் சொத்தை விற்று முடிக்க தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

எல்லா தடையும் இவ்வளவு நீளாது. 2025 நவம்பர் கடைசியில் சூரியக் கதிர்வீச்சு கம்ப்யூட்டர் தகவலை கெடுக்கலாம் என்று உலகம் முழுவதும் சுமார் 6 ஆயிரம் ஏ-320 குடும்ப விமானங்களை சரி செய்யச் சொன்னார்கள். இந்தியாவில் மட்டும் 338. பெரும்பாலானவற்றுக்கு பழைய சாப்ட்வேரை திரும்பப் போட்டால் போதும், சில மணி நேர வேலை. இரண்டு மூன்று நாளில் முடிந்துவிட்டது.

பணம் திரும்ப வருமா?

விமானம் ரத்தானால் வேறு விமானம், இல்லையென்றால் முழுப்பணம். இரண்டில் ஒன்றை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். இது டி.ஜி.சி.ஏ. விதி. அரசு உத்தரவால் நின்றது, எங்கள் கையில் இல்லை என்று சொல்லி தனி நஷ்டஈடு தர மறுக்கலாம். ஆனால் டிக்கெட் காசை மறுக்க முடியாது. டிராவல்ஸ் மூலம் எடுத்த டிக்கெட் என்றாலும் பொறுப்பு விமான நிறுவனத்துக்குத்தான், ஏஜெண்டை போய் பாருங்க என்று தட்டிக் கழிக்கக்கூடாது. ரத்து என்று போனில் வந்த மெசேஜை அழிக்காமல் வையுங்கள். இழுத்தடித்தால் மத்திய அரசின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் பதியலாம்.

ஆனால் விமானம் நிற்பது வேறு, கம்பெனியே நின்று போவது வேறு. ஜெட், கோ பர்ஸ்ட் இரண்டிலும் டிக்கெட் எடுத்தவர்கள் பேங்க்காரர்களுக்கு பின்னால் வரிசையில் நின்றார்கள்.