விமானிகளின் பழைய தோற்சட்டைகள்

முத்திரை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் நாம் நன்கு அறிவோம். போர் விமானிகள் அணிந்த பழைய தோற்சட்டைகளைத் தேடிச் சேர்ப்போரும் உலகில் உளர் என்றால், நேயர்களுட் சிலர் வியப்படையக்கூடும். முழங்கை தேய்ந்து, கழுத்துப்பட்டி வெடித்து, மணிக்கட்டுப் பின்னல் அவிழ்ந்து தொங்கும் சட்டை ஒன்றைப் புதிய சட்டைகள் பலவற்றின் விலை கொடுத்து வாங்குவது எதற்காக? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, அச்சட்டை தோன்றிய வரலாற்றை முதலிற் பார்ப்போம்.

உயரச் செல்லச் செல்லக் குளிர் மிகும் என்பதை நுவரெலியாவுக்குச் சென்று வந்த எவரும் உணர்ந்திருப்பர். அந்நகரோ ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலேயே உள்ளது. உயரம் 1,000 அடி கூடுந்தோறும் வெப்பநிலை ஏறக்குறைய 2 பாகை செல்சியஸ் குறைகின்றது. ஆதலால் ஐரோப்பிய வானில் 25,000 அடி உயரத்திற் பறப்போர், உறைநிலைக்குக் கீழே 30 பாகைக்கும் மேற்பட்ட குளிரைத் தாங்கவேண்டியவராவர். முற்காலத்து விமானங்களில் விமானி அமரும் இடத்துக்குக் கூரையும் இல்லை. வீசும் காற்றைத் தடுப்பதற்குத் தோலே அன்று தக்க பொருளாக இருந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் இராணுவ விமானப் பிரிவு, பொத்தான் வைத்த ஏ-1 என்னும் சட்டையை 1927ஆம் ஆண்டிலும், அதற்குப் பின் ஸிப் பூட்டிய ஏ-2 என்னும் சட்டையை 1931ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டது. ஏ-2 சட்டைகள் பெரும்பாலும் குதிரைத் தோலால் ஆனவை. இடுப்பிலும் மணிக்கட்டிலும் கம்பளிப் பின்னல் உண்டு. முன்புறத்தில் மூடியுடன் கூடிய இரு பைகள் உண்டு. கடுங்குளிருக்கு இது போதாமையால், மயிர் உட்புறம் அமையச் செம்மறியாட்டுத் தோலால் தைத்த பீ-3 என்னும் கனத்த சட்டை 1934ஆம் ஆண்டில் வந்தது. பிரித்தானிய விமானப்படையினருக்கு இவ்வகையில் வாய்த்தது இர்வின் சட்டையாகும். இதனை உருவாக்கிய லெஸ்லி இர்வின் என்பவர் அமெரிக்கர். 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெச்வேர்த் நகரிற் பாராசூட் தொழிற்சாலை நிறுவியவர்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் ஏ-2 சட்டைக்கான புதிய ஒப்பந்தங்களை நிறுத்தித் துணியாலான பீ-10 சட்டைக்கு மாறினர். போருக்குப் பின் வந்த ஜெட் விமானங்களின் ஒடுங்கிய இருக்கைக்கு, எம்.ஏ.-1 போன்ற நைலோன் சட்டைகள் பொருத்தமாயின. ஆகவே போர்க்காலத் தோற்சட்டைகளின் தொகை அன்றோடு வரையறுக்கப்பட்டுவிட்டது. தீ, ஈரம், பூச்சி ஆகியவற்றால் அத்தொகை குறையுமேயன்றிக் கூடுவதற்கு வழியில்லை.

அருமை ஒன்றினால் மட்டும் இச்சட்டைகள் மதிப்புப் பெற்றுவிடவில்லை. படையினர் பிற உடைகளை ஒரே வகையாக அணிய வேண்டியிருந்தது. தோற்சட்டையின் முதுகிலோ, தம் விமானத்தின் பெயரையும் படத்தையும் வண்ணத்தால் தீட்டிக்கொண்டனர். ஒவ்வொரு தாக்குதலுக்கும் சென்று மீண்டபின் சிறு குண்டு ஒன்றை வரைந்து சேர்த்தனர். இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்க 8ஆம் விமானப்படையின் குண்டுவீச்சு விமானக் குழுவினர், 1943ஆம் ஆண்டில் 25 தாக்குதல்களை முடித்தாற்றான் வீடு திரும்பலாம். அப்படையில் மாண்டோர் 26,000க்கும் மேற்பட்டவர். பதினொரு குண்டுகளோடு நின்றுவிட்ட சட்டை ஒன்றைக் காண்பவர், பன்னிரண்டாவது பயணத்தில் யாது நேர்ந்தது என்று எண்ணாதிருக்க முடியுமா?

சீனாவிற் போரிட்ட பறக்கும் புலிகள் என்னும் அமெரிக்கத் தொண்டர் படையினர், சீனக் கொடியும் சீன எழுத்துகளும் பொறித்த துணியைச் சட்டையின் முதுகில் தைத்திருந்தனர். இவர் சீனாவுக்குத் துணையாகப் போரிட வந்தவர்; படையினரும் பொதுமக்களும் இவரைக் காப்பாற்றுக என்பது அவ்வெழுத்துகளின் கருத்து. மொழி அறியாத நாட்டில் விழுந்தவனுக்கு அத்துணியே நாவாயிற்று. முதுகில் எழுதியது தீங்காய் முடிந்ததும் உண்டு. 1943ஆம் ஆண்டின் இறுதியில் ஜேர்மனியில் வீழ்த்தப்பட்ட விமானத்தின் வீரர் ஒருவர், கொலைக் கழகம் எனப் பொருள்படும் தம் விமானத்தின் பெயரை முதுகில் தாங்கியபடியே சிறைப்பட்டார். ஜேர்மன் ஏடுகள் அவருடைய படத்தை வெளியிட்டு, அமெரிக்க விமானிகள் கொலைஞரே என்று பிரசாரம் செய்தன.

இத்தகைய சட்டைக்கு விலை ஏற ஏறப் போலிகளும் பெருகுதல் இயல்பே. சேகரிப்போன் முதலிற் காண்பது கழுத்தின் உட்புறத்துத் துணிச்சீட்டையாகும். அதில் சட்டையின் வகை, 30-1415 என்னும் வரைபட எண், ஒப்பந்த எண், தைத்த நிறுவனத்தின் பெயர் ஆகியவை இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் கழுத்துப்பட்டியையும் பைமூடியையும் சிறிது வேறுபட வெட்டியமையால், சீட்டும் வெட்டும் ஒத்துள்ளனவா என்று பார்ப்பர். பின்னர் ஸிப்பையும் நூலையும் ஆராய்வர். இக்காலத்துச் செயற்கை நூல்களிற் பல ஊதாக் கடந்த ஒளியில் வெண்ணீலமாய் ஒளிரும். பழைய பருத்தி நூல் பெரும்பாலும் அவ்வாறு ஒளிராது. அமெரிக்க விமானப்படை 1988ஆம் ஆண்டில் ஏ-2 சட்டையை மீண்டும் வழங்கத் தொடங்கிற்று. அவை வெள்ளாட்டுத் தோலாலானவை என்பதை அறியாதோர் அவற்றைப் போர்க்காலத்தனவென்று எண்ணி ஏமாறுவதுண்டு.

பழைய மாதிரியிற் புதுச்சட்டை தைத்து, புதிது என்று சொல்லி விற்பதிற் குற்றமில்லை. யப்பானிலும் இங்கிலாந்திலும் அவ்வாறு தைக்கும் நிறுவனங்கள் உள்ளன. உண்மையான பழஞ்சட்டை ஒன்றின் வெறும் முதுகில், விலை பெறும்பொருட்டு இன்று ஒரு படத்தைத் தீட்டி, மாண்ட ஒருவரின் பெயரை மார்பில் ஒட்டுவதே பெருங்கேடு. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில், காணாமற்போன விமானக் குழுவினர் பற்றிய போர்க்கால அறிக்கைகள் உள்ளன. அப்பெயரைத் தேடுவார் அங்கே அதனைக் காண்பர்; சட்டை மெய்யென்று நம்பிவிடுவர். இறந்தவர் அணியாத சட்டை அவர் வரலாற்றில் இடம்பெற்றுவிடும். அதனாலேயே தேர்ந்தவர்கள் பெயர் ஒத்திருப்பதோடு அமையாது, சட்டை எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்பதையும், அவர் அதனை அணிந்திருக்கும் பழைய நிழற்படத்தையும் கேட்பர்.

நல்லெண்ணத்தால் விளையும் கேடும் உண்டு. காய்ந்த தோலுக்கு உயிரூட்ட எண்ணி எண்ணெய் பூசுவோர் பலர். எண்ணெய் தோலைக் கருமையாக்கும், தூசியைப் பற்றும், தீட்டிய வண்ணத்தை நெகிழ்த்திவிடும். பிளாஸ்டிக் உறையில் இட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அகன்று மெத்தென்ற தாங்கியில் இட்டோ, மடிக்காமற் கிடத்தியோ, வெயில் படாத இடத்தில், மிகை ஈரமும் மிகை வறட்சியும் இன்றி வைத்தலே தக்க முறை. கிழிசலைத் தைப்பதற்கு முன், அக்கிழிசல் எவ்வாறு உண்டாயிற்று என்பதைக் குறித்துவைத்தல் நன்று.

மாணவன் ஒருவனுடைய விடைத்தாளில் வேறொருவர் இடையிடையே எழுதிச் சேர்த்துவிட்டால், எழுத்து எவ்வளவு அழகாயினும் அத்தாளை நாம் மதிப்பிட முடியாது. இப்பழஞ்சட்டையும் அத்தகையதே. அதன் கறையும் கிழிசலும் ஒருவன் தன் வாழ்வால் எழுதிய விடைகள். அவற்றின்மேல் தன் கையால் ஒன்றும் எழுதாமல், பெற்றவாறே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பவனே நல்ல சேகரிப்பாளன்.