மூலக்கூறின் முகம் எந்தப் பக்கம்?

மந்தாரக்குப்பத்தை ஒட்டிய நெய்வேலிச் சுரங்கங்களில் வெட்டப்படும் பழுப்பு நிலக்கரி, தொல்காலத்தில் மண்ணில் அமிழ்ந்த மரஞ்செடிகளின் எச்சமாகும். மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருளின் அடிப்படை அலகுகளுள் ஒன்று கோனிபெரைல் ஆல்கஹால். 10 கார்பன், 12 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன் என 25 அணுக்களே உடையது. நிலக்கரிக்கு ஒரே வாய்பாடு எழுத முடியாதாகையால், அதன் வேதியியலைத் திரையில் காண விரும்புவோர் இத்தகைய சிறு அலகிலிருந்து தொடங்குவது வசதியானது.

வாரன் டிலேனோ உருவாக்கிய பைமால் என்னும் மென்பொருளில் இந்த மூலக்கூற்றைத் திறந்தால், அதிலுள்ள ஆறு கார்பன் வளையம் முகம் காட்டி நிற்கையில் அறுகோணமாகத் தெரியும். விளிம்பு காட்டி நிற்கையில் வெறும் கோடாகச் சுருங்கும். அப்போது, நிலக்கரியாகும் வழியில் பெரும்பாலும் சிதைந்துபோகும் மெத்தாக்சித் தொகுதி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைக்கூடப் படம் பார்ப்பவர் அறிய மாட்டார். 'ஓரியன்ட்' என்ற கட்டளை, அணுக்கள் அதிகம் பரவிய திசையைக் கிடைமட்டமாகவும், குறைவாகப் பரவிய திசையைப் பார்வைக் கோட்டிலும் அமைப்பதால், தட்டையான மூலக்கூறு தானே முகம் திருப்பிக்கொள்கிறது.

ஆயினும் திருப்புவது என்ற செயலுக்குள்ளேயே இரண்டு வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. 'டர்ன்' கட்டளை பார்ப்பவரின் இடத்தை, அதாவது கற்பனைக் கேமராவை மட்டுமே சுழற்றுகிறது; அணுக்களின் 75 ஆயத்தொலைவு எண்களில் ஒன்றுகூட மாறுவதில்லை. 'ரொட்டேட்' கட்டளையோ தேர்ந்தெடுத்த அணுக்களின் எண்களையே மாற்றி எழுதுகிறது. திரையில் ஒரே மூலக்கூறு இருக்கும்வரை இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பக்கத்தில் ஒரு நொதியும் வைக்கப்பட்டிருந்தால், முதலாவதில் இரண்டுக்கும் இடையிலான தூரம் அப்படியே இருக்கும்; இரண்டாவதில், மூலக்கூறு மட்டும் சுழற்றப்பட்டால், நொதியைத் தொட வேண்டிய அணு விலகிப்போய்விடலாம்.

அச்சு யாருடையது என்பது அடுத்த சிக்கல். திரையின் அச்சா, மூலக்கூறின் சொந்த அச்சா என்று சொல்லாமல் '90 பாகை திருப்புக' என்பதற்குப் பொருளில்லை. மூலக்கூறுகளைக் கணினித் திரையில் காணும் வழக்கம் வருமுன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதே கேள்வியை எதிர்கொண்டனர். தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழைகளால் ஆனது என்று 1954இல் அவர்கள் முன்வைத்த மாதிரியில் ஒரு சுற்றுக்கு 3 அமினோ அமிலங்கள் இருந்தன. எக்ஸ்-கதிர்ப் படங்களோ 3⅓ என்று காட்டின. பூமியைச் சுற்றும் நிலவு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டியபடி தன்னையும் சுற்றிக்கொள்வதைப் போல, ஒவ்வோர் இழையும் தன் அச்சிலும் பொது அச்சைச் சுற்றியும் முறுக்கிக்கொள்கிறது எனக் கொண்டபோது, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் வரும் கிளைசின் என்ற அமினோ அமிலம் எப்போதும் உட்புறம் நோக்கவே, முரண்பாடு நீங்கியது. 1955இல் அந்தத் திருத்திய மாதிரி வெளியாயிற்று.

சுழற்சியின் வரிசையும் கணக்கில் சேரும்: முதலில் கிடை அச்சிலும் பிறகு நெடு அச்சிலும் 90 பாகை திருப்பினால் கிடைக்கும் தோற்றம், வரிசையை மாற்றினால் கிடைக்காது. இந்தக் குழப்பத்துக்கு இடமின்றி, பைமால் பார்வையை மூன்று கோணங்களாகச் சேமிக்காமல் 18 எண்களாகச் சேமிக்கிறது. அவற்றுள் முதல் 9 சுழற்சியைக் குறிக்கும் அணி. மற்றவை கேமராவின் இடம், சுழற்சி மையம், முன்னும் பின்னும் காட்சியை வெட்டும் தளங்கள் முதலியன. சுட்டியால் இழுத்து இழுத்துக் கண்டடைந்த கோணத்தை மறுபடி பெற இந்த எண்களைக் குறித்துவைப்பதே உறுதியான வழி. ஆனால் இப்பட்டியலில் அணுக்களின் இடம் இல்லை; ஆதலால் இடையில் எங்கேனும் 'ரொட்டேட்' பயன்படுத்தியவர், 18 எண்களோடு மாறிய ஆயத்தொலைவுக் கோப்பையும் சேர்த்தே சேமிக்க வேண்டும்.