புராஸ்டேட் புற்றுநோய்: செல்லுக்குள் போகும் உத்தரவைத் தடுக்கும் மருந்துகள்

புராஸ்டேட் சுரப்பியின் செல்கள் ஆண் ஹார்மோன் சொன்னபடி வளர்பவை. டெஸ்டோஸ்டிரோன் செல்லுக்குள் நுழைந்து, இன்னும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறி, ஆண்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதத்துடன் சேர்கிறது. அதுவரை சும்மா கிடந்த ஏற்பி உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவில் ஒட்டி, வளர்ச்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் பார்க்கிற பிஎஸ்ஏவும் இந்த ஏற்பியின் தூண்டுதலில் உண்டாகும் புரதம்தான்.

ஹார்மோனைக் குறைத்தால் பரவிய நோயும் தணியும் என்பதை 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் தணிந்த நோய் பெரும்பாலும் திரும்பி வருகிறது. ரத்தத்தில் ஹார்மோன் அடிமட்டத்தில் இருக்கும்போதே கட்டி தானே ஹார்மோன் தயாரித்துக்கொள்ளும், ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்ற அபிராடெரோன் அந்தத் தயாரிப்பை நிறுத்துகிறது. 2012இல் வந்த என்சலுடமைடு, ஏற்பியில் ஹார்மோன் சேரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. புற்றுச்செல் இதற்கும் வழி கண்டது. ஏஆர்-வி7 என்னும் குட்டை ஏற்பியில் அந்த இடமே கிடையாது. ஹார்மோன் இல்லாமலே அது வேலை செய்யும்.

ஏற்பியை அடைப்பதைவிட அழித்துவிடலாமே என்ற யோசனையில் பிறந்தது பாவ்டெகலுடமைடு. இதன் ஒரு முனை ஏற்பியைப் பிடிக்கும். மறுமுனை, கழிவுப் புரதங்களுக்கு அடையாளமிடும் நொதியை இழுத்துவரும். செல்லின் சொந்தத் துப்புரவு அமைப்பே ஏற்பியைச் சிதைத்துவிடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், ஆனால் ஏஆர்-வி7 இதற்கும் சிக்குவதில்லை, பிடிக்க வேண்டிய பகுதி அதில் இல்லையே.

இன்னொரு வகை மருந்துகள், செல்லுக்கு வளர்ச்சி உத்தரவைக் கடத்தும் பிஐ3கே–ஏகேடி என்ற பாதையைக் குறிவைக்கின்றன. இதற்குக் கடிவாளம் பீடென் புரதம். முற்றிய புராஸ்டேட் கட்டிகள் பலவற்றில் அது தொலைந்துபோயிருக்கும். 2011இல் வெளியான எலி ஆய்வுகள் சிக்கலை வெளிச்சமாக்கின: ஏற்பியைத் தடுத்தால் ஏகேடி ஓங்குகிறது, ஏகேடி பாதையைத் தடுத்தால் ஏற்பி ஓங்குகிறது. ஒற்றை மருந்து ஏன் தோற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அரிது.

ஆகவே இரண்டையும் சேர்த்தே அடைத்துப் பார்த்தார்கள். அபிராடெரோனுடன் ஏகேடியைத் தடுக்கும் இபடாசெர்டிப் தந்தபோது, பீடென் இழந்தவர்களிடம் நோய் முற்றாமலிருந்த காலம் 16.5 மாதத்திலிருந்து 18.5 ஆனது, ஆயுள் கூடியதாக நிரூபணமாகவில்லை. ஹார்மோன் சிகிச்சைக்கு இன்னும் கட்டுப்படுகிற, ஆனால் பரவிவிட்ட நோயில் காபிவாசெர்டிப் என்ற இன்னொரு ஏகேடி தடுப்பு மருந்து கூடுதலாகச் சாதித்தது: பீடென் குறைந்தவர்களிடம் அந்தக் காலம் 25.7 மாதத்திலிருந்து 33.2 ஆனது. யாருக்குக் கொடுப்பது என்பதைக் கட்டியின் பீடென் சோதனைதான் தீர்மானிக்கிறது.

ஆனால் இன்சுலினும் ஏகேடி வழியாகத்தான் வேலை செய்கிறது. அதனால் இந்த மருந்துகளால் ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் வருகின்றன. நல்ல செல்கள் தேறிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்றே காபிவாசெர்டிப்பை வாரத்தில் 4 நாள் கொடுத்து 3 நாள் நிறுத்துகிறார்கள்.