தேவராஜ மார்க்கெட்டில் மணக்கும் திராட்சை

மைசூரு தேவராஜ மார்க்கெட்டின் பூக்கடை வரிசையில் நுழைந்தால் "எஷ்டு மாரு?" என்பார்கள். நமக்கு முழம், அவர்களுக்கு மாரு, அதாவது இரண்டு கைகளையும் விரித்த நீளம். நீங்கள் பதில் சொல்வதற்குள் மல்லிகைச் சரம் கைக்குக் கை தாவி அளந்து முடிந்திருக்கும். அந்த வாசனை மூக்கில் இருக்கும்போதே பழக்கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளை ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏன் அப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்பது புரிய ஆரம்பிக்கும்.

மல்லிகை, ரோஜா, கொய்யா, வெண்ணெய், குடைமிளகாய் என்று அடுக்குவார்கள். சில சமயம் மண்ணெண்ணெய் வாசம்கூட அடிக்கிறது என்பார்கள், அதுவும் பாராட்டாக! புளித்த திராட்சைச் சாற்றுக்கு இவ்வளவு ஜோடனையா என்று நானும் சிரித்தவன்தான். ஆனால் பெரும்பாலும் அது ஜோடனை இல்லை, வேதியியல். பூவில் இருக்கிற அதே மூலக்கூறு பழத்திலும் இருக்கிறது.

மல்லிகையிலிருந்தே தொடங்கலாம். அதன் வாசனையில் லினலூல் என்ற பொருளுக்கு முக்கியப் பங்கு உண்டு. மஸ்கட் என்ற திராட்சைக் குடும்பத்தை மணக்க வைப்பதும் லினலூல்தான். கூடவே ரோஜாவில் இருக்கும் ஜெரானியால், நெரால் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். ஒயின் ஆன பிறகும் திராட்சையாகவே மணக்கும் அபூர்வ ரகம் மஸ்கட். நமக்கு அது அந்நியமும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 'மஸ்கட் ஹாம்பர்க்' என்ற கறுப்பு ரகம். அதன் பெற்றோரில் ஒன்று 'அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட்' என்ற வெள்ளை ரகம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பழத்துக்குப் 'பன்னீர்' என்று பெயர் வைத்தவர் யாரோ, ரோஜாவின் மூலக்கூறை மூக்காலேயே கண்டுபிடித்துவிட்டார்.

மல்லிகையில் இன்னொன்றும் இருக்கிறது: மெத்தில் ஆந்த்ரனிலேட். இதே பொருள்தான் கர்நாடகத்தின் பெங்களூர் புளூ திராட்சைக்கு அந்த அடர்ந்த, ஜூஸ் பாக்கெட் வாசனையைத் தருகிறது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் கலப்பு அந்த ரகத்தில் உண்டு. ஐரோப்பிய ஒயின்காரர்கள் இதை 'நரி வாசம்' என்று ஒதுக்குவார்கள். மல்லிகையைத் தலையில் சூடுகிற ஊரில் அந்த இழிசொல் எடுபடாது என்பது என் கட்சி.

ரோஜாக் குவியலுக்குப் போனால் கெவுர்ஸ்ட்ராமினர் நினைவுக்கு வரும். வாயில் நுழையாத பெயர். ஆனால் மூக்கில் உடனே நுழையும் ரகம். லிச்சிப் பழம் போல மணக்கிறது என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். லிச்சியிலும் இந்த ஒயினிலும் 'ரோஸ் ஆக்ஸைடு' முக்கிய மணப்பொருளாக இருப்பதை 1999இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். பெயரே சொல்வதுபோல ரோஜா எண்ணெயிலும் அது உண்டு.

காய்கறிப் பக்கம் 'தொண்ணெ மெணசினகாயி', அதாவது நம்முடைய குடைமிளகாய். ஒன்றை ஒடித்தால் கிளம்பும் பச்சை நெடிக்குக் காரணம் மெத்தாக்ஸி பைரசீன் வகைப் பொருள். சோவின்யான் பிளாங் திராட்சையிலும் அது இருக்கிறது. தண்ணீரில் லிட்டருக்கு 2 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரே ஒரு கிராமை 50 கோடி லிட்டரில் கரைப்பதற்குச் சமம். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் நாற்பதாயிரத்துக்கும் மேல் வேண்டும்! பழம் பழுக்கப் பழுக்க, கொத்தின் மேல் வெயில் படப் பட, இந்தப் பொருள் குறைந்துகொண்டே போகும்.

சோவின்யானின் இன்னொரு முகம் கொய்யா. கந்தகம் கொண்ட தயால் வகைப் பொருட்கள் கொய்யாவிலும் உண்டு, இந்த ஒயினிலும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், பிழிந்த சாற்றில் அந்த வாசனை ஏறக்குறைய இல்லவே இல்லை. மூலக்கூறுகள் வேறொரு பொருளோடு பிணைந்து, மணமில்லாமல் கிடக்கின்றன. சாற்றைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்தான் அந்தப் பூட்டைத் திறக்கிறது.

ஈஸ்ட் சும்மா திறப்பதோடு நிற்காது, தானும் சமைக்கும். நஞ்சன்கூடு ரசபாளெ வாழைப்பழத்தை உரித்ததும் வருகிற வாசனையில் ஐசோஅமைல் அசிடேட் இருக்கிறது. புது வெள்ளை ஒயினிலும் இருக்கிறது. அது திராட்சையின் சொத்து அல்ல, ஈஸ்ட் போட்ட வட்டி. பாட்டிலில் நாளாக ஆக மங்கிவிடும்.

உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ஷார்டனே, உண்மையில் தனக்கென்று பெரிய வாசனை இல்லாத ரகம். புகழெல்லாம் கைவேலையால் வந்தது. புளிப்பான மாலிக் அமிலத்தைச் சிலவகை பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டைஅசிட்டைல் உண்டாகும். மைசூரு மைலாரி தோசையின் தலையில் உருகும் வெண்ணெயின் வாசனையும் அதுதான். ஓக் பீப்பாயில் ஊறினால் வெனிலாவும் தேங்காய் மணமும் ஏறும்.

அந்த மண்ணெண்ணெய்? அது ரீஸ்லிங் ரகத்துடையது. பழத்தின் கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து, ஒயின் முதிரும்போது டி.டி.என். என்ற பொருளாக மாறுகின்றன. வெயில் அதிகம் பட்ட பழத்தில் அது கூடுதல்.

நம் நாட்டு வெயிலுக்கு நன்றாக ஈடுகொடுத்த வெள்ளை ரகம் ஷெனின் பிளாங். பிரான்ஸின் லோவார் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. சூடு ஏறினால் திராட்சையில் அமிலம் கரைந்து, சாறு வெறும் இனிப்பாகச் சப்பென்று ஆகிவிடும்; ஷெனின் தன் புளிப்பைச் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. அதனால்தான் நாசிக்கிலும் நந்தி மலை அடிவாரத்திலும் அது வேர்பிடித்தது. இங்கே கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழைக்காலம் ஓயும்போது ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து, ஒரு முறைதான் ஒயினுக்குப் பழம் எடுக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு மூக்கை ஒரேயடியாக நம்பிவிடவும் கூடாது. 2001இல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில், ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்பு நிறமியைக் கலந்து கொடுத்தார்கள். அவர்களும் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். உணவு ஆய்வுக்கூடங்களில் சுவைத்துப் பார்ப்பவரைத் தனித் தடுப்பில் உட்காரவைத்து, நிறம் தெரியாதபடி சிவப்பு விளக்கு போடுவது இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான்.

இதற்கெல்லாம் நீங்கள் ஒயினைத் தொட வேண்டியதே இல்லை. பன்னீர் திராட்சை வாங்கினால் நன்றாகக் கழுவி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாயில் போடுங்கள். சாற்றை முதலில் விழுங்கிவிடுங்கள், தோலைத் துப்பாதீர்கள். ரோஜா வாசனைப் பொருட்கள் தோலில்தான் அதிகம். மெல்ல மெல்லத்தான் வெளியே வரும்.