திரைக்குப் பின்னால் இருப்பவருக்கும் விளங்கட்டும்

பேச்சு நீண்டால்தான் மார்க்கம் விளங்கும் என்றோர் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் தாய்மாரைச் சற்று நினைத்துப் பாருங்கள். பேசுபவரின் முகம் அவர்களுக்குத் தெரியாது. ஒலிபெருக்கியில் வரும் குரல் மட்டும்தான். மடியிலே பிள்ளை அழுகிறது. வேகமாகக் கொட்டப்படும் சொற்களில் எது அவர்கள் காதில் நிற்கும்?

அன்னை ஆயிஷா (ரழி) அவர்களும் இப்படி மறைவிலிருந்து கேட்டவர்களே. ஸஹாபி ஒருவர் அன்னையின் அறைக்கு அருகில் அமர்ந்து, அவர்களுக்குக் கேட்கும்படி ஹதீஸ்களை மளமளவென அறிவித்தார். அன்னை தமது தொழுகையை முடிக்குமுன் அவர் எழுந்து போய்விட்டார். இருந்திருந்தால் அவரைத் திருத்தியிருப்பேன் என்றார்கள் அன்னை. ஹதீஸில் பிழை என்பதல்ல, சொன்ன வேகமே அன்னைக்குப் பிடிக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் பேசினால், விரும்புபவர் அச்சொற்களை எண்ணிவிடலாம் என்று அன்னை கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது.

அம்மார் (ரழி) அவர்கள் சுருக்கமாக, ஆனால் அழகாகக் குத்பா ஓதி இறங்கினார்கள். இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாமே என்றனர் மக்கள். தொழுகையை நீட்டி குத்பாவைச் சுருக்குவதே ஒருவரின் மார்க்க விளக்கத்துக்கு அடையாளம் என நபியவர்கள் கூறக் கேட்டதாகப் பதில் சொன்னார்கள். (நம்மில் சிலர் இதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டோமோ தெரியவில்லை!)

மாதர் சங்கங்களில் பேசும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். மாதவிடாயில் விடுபட்ட நோன்பைக் கழாச் செய்யவேண்டும், தொழுகையைக் கழாச் செய்யத் தேவையில்லை. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் தலைவி, செயலாளர், பொருளாளர் என்று ஒவ்வொருவரையும் விளித்து, ரமழானின் சிறப்புகளை முக்கால் மணிநேரம் சொல்லி, சட்டத்துக்கு வரும்போது பாதிப்பேர் எழும்பிப் போயிருப்பார்கள். சட்டம் தெரியாமல் வீடு சென்றவர் அடுத்த ரமழானிலும் அப்படியே இருப்பார். முதலில் சட்டத்தைச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் அதையே நிதானமாகத் திருப்பிச் சொல்லுங்கள். விளங்குவதற்காக ஒரு சொல்லை மூன்று முறை கூறுவதும் நபியவர்களின் வழக்கமே.

உம்மு ஹிஷாம் (ரழி) என்ற அன்ஸாரிப் பெண்மணி ‘காஃப்’ சூராவை மனனமிட்டது எப்படித் தெரியுமா? ஜும்ஆ தோறும் மிம்பரில் நபியவர்கள் ஓதக் கேட்டேதான். 45 வசனங்கள் கொண்ட சூரா அது.